சந்தைப்படுத்தல் தரவைப் பகுத்தாயப் புள்ளியியல் கற்பது எப்படி: பல்கலைக்கழகப் புதுமுக மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சந்தைப்படுத்தல் படிக்க வரும் மாணவர்களுள் பெரும்பாலோர் புள்ளியியலை முதலில் ஒரு நீண்ட பெயர்ப்பட்டியலாகவே சந்திக்கிறார்கள். டி-சோதனை, கை-வர்க்கச் சோதனை, அனோவா, ரிக்ரெஷன், காரணிப் பகுப்பாய்வு, கொத்துப் பகுப்பாய்வு என்று வாரத்துக்கு ஒன்றாக அவை வருகின்றன. ஒவ்வொன்றுடனும் ஒரு புதிய சூத்திரமும், அந்தச் சூத்திரத்துக்கென்றே வெட்டிச் சீராக்கப்பட்ட ஒரு சிறிய தரவும் வருகின்றன. தேர்வில் இவர்கள் நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் யாரும் சீராக்கித் தராத ஓர் உண்மையான விற்பனைத் தரவு கைக்கு வந்தவுடன் எதை முதலில் செய்வது என்று தெரியாமல் திகைத்துப்போகிறார்கள். இதற்கு நான் சொல்லக்கூடிய வழி ஒன்றுதான்: பருவத்தின் முதல் வாரத்திலேயே ஓர் உண்மையான தரவுத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்து, வகுப்பில் கற்கும் ஒவ்வொரு உத்தியையும் அதன்மேலேயே செய்து பாருங்கள். இக்கட்டுரையும் அந்த வழியிலேயே செல்கிறது.

தேவையான முன்னறிவு அதிகமில்லை. விழுக்காடு, நேர்கோட்டுச் சமன்பாடு, மடக்கை, நிகழ்தகவின் அடிப்படைகள் ஆகிய நான்கும் பள்ளிக் கணக்கின் அளவில் தெளிவாக இருந்தால் முதல் ஆண்டுக்குப் போதும்.

முதல் படி: ஒரு தரவுத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தல்

இர்வைனிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் பராமரிக்கும் இயந்திரக் கற்றல் தரவுக் களஞ்சியத்தில் சந்தைப்படுத்தல் மாணவருக்கு மிகவும் பயன்படும் இரண்டு தொகுப்புகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. முதலாவது, போர்ச்சுகல் நாட்டு வங்கியொன்று 2008 மே முதல் 2010 நவம்பர் வரை, குறித்த கால வைப்பில் பணம் போடுமாறு வாடிக்கையாளர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட பிரசாரத்தின் பதிவு. அதன் முழு வடிவத்தில் 45,211 வரிசைகள் உள்ளன. வயது, தொழில், கல்வி, சராசரி ஆண்டு இருப்பு, வீட்டுக் கடன் உண்டா இல்லையா, எந்த மாதத்தில் அழைத்தார்கள் என்பன போன்ற 16 விவரங்களும், இறுதியில் வாடிக்கையாளர் சம்மதித்தாரா இல்லையா என்ற விடையும் ஒவ்வொரு வரிசையிலும் இருக்கும். சம்மதித்தவர்கள் 5,289 பேர், அதாவது 11.7 விழுக்காடு. இரண்டாவது, பிரிட்டனைச் சேர்ந்த ஓர் இணைய விற்பனை நிறுவனத்தின் 2010 டிசம்பர் முதல் 2011 டிசம்பர் வரையிலான கொள்முதல் பதிவு. இதில் 5,41,909 வரிசைகள் உள்ளன.

முதல் பருவத்துக்கு வங்கித் தரவையே நான் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு வரிசையும் ஒரு மனிதரைக் குறிப்பதால், எண்ணுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதைப் புதியவரால் மனக்கண்ணில் எளிதாகக் கொண்டுவர முடியும்.

இரண்டாம் படி: கேள்வியைச் சொற்களில் எழுதுதல்

கணினியைத் திறப்பதற்கு முன் இரண்டு வாக்கியங்களைத் தாளில் எழுதுங்கள். எந்த முடிவை யார் எடுக்கப்போகிறார் என்பது முதல் வாக்கியம். தரவு எப்படி இருந்தால் அவர் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்வார் என்பது இரண்டாவது வாக்கியம். இரண்டாவது வாக்கியத்தை எழுத முடியவில்லையென்றால், அந்தப் பகுப்பாய்வு யாருக்கும் பயன்படாது என்பதை அப்போதே உணர்ந்து கேள்வியை மாற்றிக்கொள்ளலாம்.

சந்தைப்படுத்தலில் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஐந்து குடும்பங்களில் அடங்கும். நிலைமை எப்படி இருக்கிறது என்று விவரிப்பது, இரு குழுக்கள் வேறுபடுகின்றனவா என்று ஒப்பிடுவது, அடுத்து யார் வாங்குவார் என்று கணிப்பது, எது எதற்குக் காரணம் என்று கண்டறிவது, வாடிக்கையாளர்கள் இயல்பாக எத்தனை வகைப்படுவர் என்று பிரிப்பது ஆகியவையே அவை. எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிட்டால் உத்தியைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்துவிடும். ஆனால் ஒரு கேள்விக்கு இந்தத் தரவால் விடை சொல்லவே முடியுமா என்பதையும் இதே கட்டத்தில் கேட்டாக வேண்டும். வங்கித் தரவை வைத்து, அழைக்கப்பட்டவர்களுள் யார் சம்மதித்தார்கள் என்று கேட்கலாம். அழைத்ததனால்தான் சம்மதித்தார்களா என்று கேட்க முடியாது. ஏனெனில் அந்த 45,211 பேருமே அழைக்கப்பட்டவர்கள், அழைக்காமல் விட்டால் என்ன செய்திருப்பார்கள் என்று காட்டும் ஒரு வரிசைகூட அதில் இல்லை. பட்டறிவு உள்ள ஆய்வாளர்கள்கூடச் சறுக்கும் இடம் இது.

மூன்றாம் படி: மாறிகளின் இயல்பை அறிதல்

உளவியலாளர் ஸ்டான்லி ஸ்மித் ஸ்டீவன்ஸ் 1946-இல் அளவைகளைப் பெயரளவு (வெறும் வகைப் பெயர்), வரிசை (ஏறுமுறை மட்டும் உண்டு), இடைவெளி (படிகளுக்கிடையே சம தூரம் உண்டு), விகிதம் (உண்மையான சுழியமும் உண்டு) என்று நான்காகப் பகுத்தார். தொழிலும் மணநிலையும் பெயரளவு மாறிகள். கல்வி நிலை வரிசை மாறி. கணக்கிலுள்ள இருப்பு பணத்தொகை என்பதால் அதைக் கூட்டவும் சராசரி காணவும் இயலும். இந்த வேறுபாட்டைப் பலர் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். எந்தச் சோதனையைச் செய்யலாம் என்பதை முடிவு செய்வதே இதுதான் என்பதால் உங்கள் தொகுப்பிலுள்ள ஒவ்வொரு நெடுவரிசைக்கும் எதிரே அதன் வகையைக் கையால் எழுதிவிடுங்கள். ஐந்து நிலைகளில் கருத்துக் கேட்கும் லிக்கர்ட் வினாக்களைப் பொறுத்தவரை, ஒற்றை வினாவை வரிசை மாறியாகவும், பல வினாக்களைக் கூட்டி வரும் மதிப்பெண்ணை இடைவெளி மாறியாகவும் கொள்வது பெரும்பாலான துறைகளில் ஏற்கப்படும் நடைமுறை.

வகையோடு நில்லாமல், ஒவ்வோர் எண்ணும் எதைக் குறிக்கிறது என்று தரவின் விளக்கக் குறிப்பில் படியுங்கள். வங்கித் தரவில், முந்தைய பிரசாரத்தில் இவரை அழைத்து எத்தனை நாட்கள் ஆயின என்று சொல்லும் ஒரு நெடுவரிசை இருக்கிறது. அதில் பெரும்பாலான வரிசைகளில் –1 என்ற எண்ணைக் காண்பீர்கள். முந்தைய பிரசாரங்களில் அழைக்கப்படவே இல்லை என்பதற்கான குறியீடு அது. இதை அறியாமல் அந்த நெடுவரிசைக்குச் சராசரி கண்டால், நாட்களும் குறியீடும் கலந்த, எந்தப் பொருளும் இல்லாத ஓர் எண் கிடைக்கும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. அதேபோல், 'தெரியாது' என்ற பதிவு முந்தைய பிரசாரத்தின் முடிவைச் சொல்லும் நெடுவரிசையில் 36,959 இடங்களில் உள்ளது. அவற்றை விடுபட்ட தரவு என்று நீக்கினால் முதன்முறையாக அழைக்கப்பட்ட வாடிக்கையாளர் ஏறத்தாழ அனைவரையும் நீக்கியவர் ஆவீர்கள்.

நான்காம் படி: கணக்கிடும் முன் பார்த்தல்

ஒவ்வோர் எண் மாறிக்கும் சராசரியையும் இடைநிலையையும் அருகருகே எழுதிப் பாருங்கள். வங்கி வாடிக்கையாளர்களின் வயதில் சராசரி ஏறத்தாழ 41, இடைநிலை 39; இரண்டும் நெருக்கமாக இருப்பதால் பரவல் அவ்வளவாகச் சாயவில்லை என்று கொள்ளலாம். இருப்புத் தொகையில் சராசரி 1,362 யூரோ, இடைநிலை 448 யூரோ மட்டுமே. சில ஆயிரம் பேரின் பெருந்தொகை சராசரியை மேலே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மிக உயர்ந்த இருப்பு 1,02,127 யூரோ, மிகக் குறைந்தது 8,019 யூரோ கடன். நம் வாடிக்கையாளரின் வழக்கமான இருப்பு 1,362 யூரோ என்று அறிக்கையில் எழுதினால் அது கணக்கின்படி சரியாக இருந்தும் படிப்பவரைத் தவறான இடத்துக்கே கொண்டுசெல்லும். சந்தைப்படுத்தலில் பணம் தொடர்பான மாறிகள் ஏறத்தாழ அனைத்தும் இப்படி ஒருபக்கம் சாய்ந்தவையாகவே இருக்கும். அதனால்தான் அவற்றை மடக்கை அளவுக்கு மாற்றிப் பார்க்கும் பழக்கம் வந்தது. எதிர்மதிப்புக்கும் சுழியத்துக்கும் மடக்கை இல்லை என்பதையும், இந்தத் தரவில் அத்தகைய வரிசைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

படம் வரையாமல் எண்களை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கம் 1973-இல் தந்த சான்று இன்றும் மிகச் சிறந்தது. பதினொரு புள்ளிகள் கொண்ட நான்கு சிறு தொகுப்புகளை அவர் உருவாக்கினார். நான்கிலும் கிடையச்சு மதிப்புகளின் சராசரி 9, நெடுக்கையச்சு மதிப்புகளின் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு (இரு மதிப்புகளும் நேர்கோட்டில் எவ்வளவு இணைந்து செல்கின்றன என்ற அளவு) 0.816. வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரண நேர்கோட்டுப் போக்கு, ஒன்று வளைகோடு, ஒன்றில் தனித்து நிற்கும் ஒரு புள்ளி கோட்டைத் திருப்பியிருக்கிறது, மற்றொன்றில் ஒரே ஒரு புள்ளியால்தான் தொடர்பு இருப்பதாகவே தோன்றுகிறது. இந்த நான்கையும் நீங்களே ஒருமுறை கையால் வரையுங்கள். அரை மணி நேரம் போதும்.

ஐந்தாம் படி: இரு குழுக்களை ஒப்பிடுதல்

முதல் முறையான சோதனையாகக் கை-வர்க்கச் சோதனையைக் கற்பது நல்லது ('கை' என்பது χ என்ற கிரேக்க எழுத்தின் பெயர்). கார்ல் பியர்சன் 1900-இல் வெளியிட்ட இந்தச் சோதனைக்குக் கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே தேவை. வங்கித் தரவில் வீட்டுக் கடன் உள்ளவர் 25,130 பேர். அவர்களுள் சம்மதித்தவர் 1,935 பேர், 7.7 விழுக்காடு. வீட்டுக் கடன் இல்லாதவர் 20,081 பேர். சம்மதித்தவர் 3,354 பேர், 16.7 விழுக்காடு. வீட்டுக் கடனுக்கும் சம்மதத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லையென்றால், மொத்தச் சம்மத விகிதமே இரு குழுவிலும் இருந்திருக்க வேண்டும்; அப்படியானால் கடன் உள்ளவர்களுள் ஏறத்தாழ 2,940 பேர் சம்மதித்திருப்பார்கள். உண்மையில் வந்தது அதைவிட 1,005 குறைவு. நான்கு கட்டங்களிலும் எதிர்பார்ப்புக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்தி, எதிர்பார்ப்பால் வகுத்துக் கூட்டினால் சுமார் 876 வருகிறது. ஐந்து விழுக்காட்டு மிகைமை மட்டத்தில், அதாவது தொடர்பே இல்லாதபோது இருப்பதாகத் தவறாகச் சொல்லும் வாய்ப்பை ஐந்து விழுக்காட்டில் நிறுத்தினால், ஒப்பிட வேண்டிய எல்லை 3.84 மட்டுமே. இந்தக் கணக்கை மென்பொருளில் செய்வதற்கு முன் ஒரே ஒரு முறையாவது தாளில் செய்யுங்கள்; 'எதிர்பார்க்கப்படும் மதிப்பு' என்ற கருத்து அப்போதுதான் மனத்தில் நிற்கும்.

ஆனால் 876 என்ற எண்ணையோ, அதற்கு இணையாக மென்பொருள் காட்டும் மிகமிகச் சிறிய பி-மதிப்பையோ கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம். நாற்பத்தைந்தாயிரம் வரிசைகள் இருக்கும்போது அற்பமான வேறுபாடுகூட மிகைமை உடையதாகத் தெரியும். மேலாளருக்கு வேண்டியது வேறுபாட்டின் அளவும் அதன் நம்பிக்கை இடைவெளியும், அதாவது உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய எல்லைகளும். இங்கே வேறுபாடு 9 விழுக்காட்டுப் புள்ளிகள். 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 8.4 முதல் 9.6 வரை. அழைப்பு மையத்தின் நேரத்தை யாருக்காகச் செலவிடுவது என்று முடிவெடுக்க இந்த இரண்டு எண்களும் நேரடியாக உதவுகின்றன. பி-மதிப்பு என்பது, உண்மையில் வேறுபாடே இல்லையென்று கொண்டால் இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ வேறுபாடு தற்செயலாகத் தென்படுவதற்கான நிகழ்தகவு. எடுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவு என்று அதைப் பொருள்கொள்வது பிழை. இந்தப் பிழை மிகப் பரவலாக இருந்ததால்தான் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் பி-மதிப்பைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது.

இன்னும் ஓர் ஆபத்து உண்டு. வேறுபாடே இல்லாத இருபது மாறிகளைத் தனித்தனியாக ஐந்து விழுக்காட்டு மட்டத்தில் சோதித்தால், ஒன்றேனும் 'மிகைமை உடையது' என்று தவறாகத் தோன்றுவதற்கு 64 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. ஆகவே எதைச் சோதிக்கப்போகிறீர்கள் என்பதை இரண்டாம் படியிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். பிறகு தற்செயலாகக் கண்டதைத் தற்செயலாகக் கண்டதாகவே அறிக்கையில் சொல்ல வேண்டும்.

டி-சோதனையும் அனோவாவும் இதே சிந்தனையை எண் மாறிகளின் சராசரிக்குப் பொருத்துபவை. முதலாவதை வில்லியம் சீலி காசெட் 1908-இல், கின்னஸ் மதுவடிப்பாலையில் பணியாற்றியபோது, சிறிய மாதிரிகளை வைத்து முடிவெடுக்க வேண்டிய தேவையால் கண்டறிந்தார். இரண்டுக்கு மேற்பட்ட குழுக்கள் இருந்தால் ரொனால்ட் ஃபிஷரின் அனோவாவுக்குச் செல்ல வேண்டும். கை-வர்க்கச் சோதனை புரிந்தவருக்கு இவை கடினமாக இரா.

மாதிரியின் அளவைவிட அது எடுக்கப்பட்ட முறை முக்கியம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1936 அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஏறத்தாழ ஒரு கோடி அட்டைகளை அனுப்பி, சுமார் 24 லட்சம் விடைகளைப் பெற்று, வேட்பாளர்களுள் லேண்டன் வெல்வார் என்று அறிவித்தது. அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் பெரும் வித்தியாசத்தில் வென்றார். முகவரிகள் பெரிதும் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் மகிழுந்துப் பதிவுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. மேலும், விடை அனுப்பியவர்கள் அனுப்பாதவர்களிலிருந்து வேறுபட்டிருந்தார்கள். இணையத்தில் படிவத்தைப் பகிர்ந்து, விருப்பமுள்ளவர் நிரப்பியதை வைத்துச் சந்தை முழுவதையும் பற்றி எழுதும் மாணவர் அனைவரும் இதே பிழையைச் சிறிய அளவில் செய்கிறார்கள்.

ஆறாம் படி: ரிக்ரெஷன், அதில் நீண்ட நேரம் தங்குதல்

பருவத்தின் பாதி நேரத்தை இங்கே செலவிட்டாலும் அது மிகையன்று. ஒரே ஒரு மாறியை வைத்து ஒப்பிடும்போது மற்ற மாறிகளின் பங்கு அதில் கலந்தே வருகிறது. வீட்டுக் கடன் உள்ளவர் குறைவாகச் சம்மதிப்பது கடனாலா, அல்லது அவர்களுடைய வயதும் தொழிலும் அழைக்கப்பட்ட மாதமும் வேறாக இருப்பதாலா? மே மாதத்தில் அழைக்கப்பட்ட 13,766 பேரில் 6.7 விழுக்காட்டினரே சம்மதித்தார்கள். மார்ச்சில் அழைக்கப்பட்ட 477 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் சம்மதித்தார்கள். கடன் உள்ளவர்கள் பெரும்பாலும் மே மாதத்தில் அழைக்கப்பட்டிருந்தால், கடனின் விளைவு என்று நாம் எண்ணியதில் ஒரு பகுதி மே மாதத்துக்குரியது. பல மாறிகளை ஒன்றாக எடுத்துக்கொண்டு, மற்றவை ஒரே நிலையில் இருக்கையில் இந்த ஒன்று மாறினால் விடை எவ்வளவு மாறுகிறது என்று கேட்பதே பன்மாறி ரிக்ரெஷன்.

விடை எண்ணாக இருந்தால், எடுத்துக்காட்டாக விற்பனைத் தொகை என்றால், நேரியல் ரிக்ரெஷன். விடை 'ஆம், இல்லை' என்று இருந்தால் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன். சந்தைப்படுத்தலில் வாங்கினாரா, விலகினாரா, சொடுக்கினாரா என்ற கேள்விகளே மிகுதி என்பதால் இரண்டாவதைப் பாடத்திட்டம் பின்னால் தள்ளியிருந்தாலும் நீங்களே முன்கூட்டிப் படியுங்கள்.

அதில் புதியவர்கள் தடுமாறும் இடம், மாடல் தரும் கெழுக்கள் நிகழ்தகவின் மொழியில் பேசாமல் சாதக விகிதத்தின் மொழியில் பேசுவது. சம்மதித்தவரின் எண்ணிக்கையைச் சம்மதிக்காதவரின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது சாதக விகிதம். கடன் இல்லாதவர்களுக்கு 3,354-ஐ 16,727-ஆல் வகுத்தால் 0.20, கடன் உள்ளவர்களுக்கு 1,935-ஐ 23,195-ஆல் வகுத்தால் 0.083; முதலாவது இரண்டாவதைப்போல் 2.4 மடங்கு. ஆனால் நிகழ்தகவுகளை ஒப்பிட்டால் 16.7-க்கும் 7.7-க்கும் உள்ள விகிதம் 2.2 மடங்குக்குச் சற்றுக் குறைவே. வீட்டுக் கடன் இல்லாதவர் சம்மதிக்கும் வாய்ப்பு 2.4 மடங்கு என்று அறிக்கையில் எழுதினால் அது பிழை. இங்கே வேறுபாடு சிறிதாகத் தெரிந்தாலும், சம்மத விகிதம் 50 விழுக்காட்டை நெருங்கும் தரவுகளில் இந்த இரண்டு எண்களும் வெகுவாக விலகிச் செல்லும். வீட்டுக் கடன் என்ற ஒரே மாறியை வைத்து ஒரு லாஜிஸ்டிக் மாடலை ஓட்டி, அது தரும் கெழுவின் எதிர்மடக்கை இந்த 2.4-உடன் (அல்லது அதன் தலைகீழான 0.42-உடன்) பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். பொருந்துவதைக் கண்ட அன்றே லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் மீதான அச்சம் நீங்கிவிடும். அதன்பின் மாதத்தையும் வயதையும் தொழிலையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, வீட்டுக் கடனின் கெழு எப்படி நகர்கிறது என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

இந்தத் தரவில் மாணவர்களுக்கென்றே வைத்ததுபோல் ஒரு பொறி இருக்கிறது: அழைப்பு எத்தனை வினாடி நீடித்தது என்ற நெடுவரிசை. அதை மாடலில் சேர்த்தால் கணிப்பு வியக்கத்தக்க அளவு துல்லியமாகும், ஏனெனில் ஆர்வமுள்ளவர்கள் நீண்ட நேரம் பேசுவார்கள். ஆனால் அழைப்பு முடிந்த பிறகுதான் அதன் நீளம் தெரியும். அப்போது விடையும் தெரிந்திருக்கும். யாரை அழைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்வதற்கு அந்த மாறி எவ்வகையிலும் உதவாது. உண்மையான கணிப்புக்கு இதை நீக்கிவிட வேண்டும் என்று தரவின் விளக்கக் குறிப்பே சொல்லியிருக்கிறது. கணிக்கும் கணத்தில் கையில் இராத விவரம் மாடலுக்குள் நுழைவதைத் தரவுக் கசிவு என்பார்கள். ஒவ்வொரு மாறியையும் நோக்கி, முடிவெடுக்கும் நேரத்தில் இது எனக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

மாடல் நன்றாக இருக்கிறதா என்று அளப்பதிலும் கவனம் வேண்டும். 'யாருமே சம்மதிக்க மாட்டார்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாடல்கூட இங்கே 88.3 விழுக்காடு சரியாக இருக்கும். ஆகவே வெறும் துல்லிய விழுக்காட்டை வைத்து மாடலைப் புகழக் கூடாது. மாடல் தரும் நிகழ்தகவின்படி வாடிக்கையாளர்களை இறங்குவரிசையில் அடுக்கி, முதல் பத்து விழுக்காட்டினரை மட்டும் அழைத்தால் மொத்தச் சம்மதங்களில் எத்தனை விழுக்காடு கிடைத்துவிடும் என்று பாருங்கள். மேலாளருக்கு உடனே விளங்கும் அளவு இதுவே. இதையும் மாடலைக் கட்டப் பயன்படுத்திய வரிசைகளில் செய்யாமல், ஒதுக்கி வைத்த வரிசைகளில் செய்ய வேண்டும். வங்கித் தரவு நாள்வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதாலும், அதன் காலம் 2008-ஆம் ஆண்டு நிதி நெருக்கடியைக் கடந்து செல்வதாலும், வரிசைகளைக் குலுக்கிப் பிரிப்பதோடு, முற்காலப் பதிவுகளில் கட்டிய மாடலைப் பிற்காலப் பதிவுகளில் சோதித்தும் பாருங்கள். இரண்டு முடிவுகளும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது, அடுத்த ஆண்டின் பிரசாரத்துக்கு இந்த மாடலை நம்பலாமா என்பதைப் பற்றி நிறையவே சொல்லும்.

ஏழாம் படி: சோதனை முறையைத் திட்டமிடுதல்

அழைத்ததனால்தான் சம்மதித்தார்களா என்ற கேள்வியை இரண்டாம் படியில் விடை காணாமல் விட்டோம். அதற்கு விடை காண, வாடிக்கையாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு குழுவை மட்டும் அழைக்க வேண்டும். ஃபிஷர் வேளாண் வயல்களுக்காக வகுத்த இந்தச் சமவாய்ப்பு ஒதுக்கீடுதான் இன்று இணைய நிறுவனங்கள் நாள்தோறும் நடத்தும் ஏ/பி சோதனையின் அடித்தளம்.

இதில் கற்க வேண்டிய முதற் கணக்கு, எத்தனை பேர் தேவை என்பது. வாங்குவோர் விகிதம் 5 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாக உயர்வதை, 5 விழுக்காட்டு மிகைமை மட்டத்திலும் 80 விழுக்காட்டுத் திறனிலும் (வேறுபாடு உண்மையில் இருந்தால் அதைத் தவறவிடாமல் காணும் வாய்ப்பு) கண்டறிய ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ 8,200 பேர் வேண்டும். இதைக் கேட்டவுடன் மாணவர்கள் அதிர்ச்சியடைகிறார்கள். நூறு பேரை வைத்துத் திட்ட அறிக்கை எழுதப் பழகியவர்களுக்கு அது இயல்பே. கண்டறிய விரும்பும் வேறுபாட்டைப் பாதியாகக் குறைத்தால் தேவைப்படும் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கு மடங்காகும். எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்து, அது நிரம்பும்வரை காத்திருங்கள். நாள்தோறும் பி-மதிப்பைப் பார்த்து, 0.05-க்குக் கீழே இறங்கிய அன்றே நிறுத்துவது தவறான நேர்மறை முடிவுகளைப் பெருக்கிவிடும்.

எட்டாம் படி: பிரித்தலும் பிறவும்

வாடிக்கையாளர் பிரிப்புக்கு வரும்போது இரண்டாவது தரவை, அதாவது இணைய விற்பனைப் பதிவை, எடுத்துக்கொள்ளுங்கள். 5,41,909 வரிசைகளில் 1,35,080 வரிசைகளுக்கு வாடிக்கையாளர் எண் இல்லை. ரத்து செய்யப்பட்ட விற்பனைகளின் பட்டியல் எண் 'சி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். இவற்றைக் கையாண்ட பின், ஒவ்வொரு வாடிக்கையாளரும் கடைசியாக எப்போது வாங்கினார், எத்தனை முறை வாங்கினார், மொத்தம் எவ்வளவு செலவிட்டார் என்ற மூன்று எண்களைக் கணக்கிடுங்கள். எளிய இந்த மூன்று அளவுகளே பெரும்பாலான நடைமுறைத் தேவைகளுக்குப் போதுமானவை என்பது என் கருத்து.

ஒத்த வாடிக்கையாளர்களைத் தானாகவே குழுக்களாகச் சேர்க்கும் கே-மீன்ஸ் போன்ற கொத்து முறைகளை அதன் பிறகு முயலலாம். மூன்று எண்களையும் ஒரே அளவுகோலுக்கு மாற்றாமல் அதை ஓட்டினால் செலவுத் தொகை ஒன்றே முடிவை ஆண்டுவிடும். எத்தனை கொத்துகள் கேட்டாலும் அம்முறை தயங்காமல் தரும் என்பதால், அப்படிப்பட்ட பிரிவுகள் சந்தையில் உண்மையிலேயே இருக்கின்றன என்பதற்கு அது சான்றாகாது. ஒவ்வொரு பிரிவையும் வேறு விதமாக நடத்த நிறுவனத்திடம் ஏதேனும் வழி இருக்கிறதா என்பதையே இறுதி அளவுகோலாகக் கொள்ளுங்கள். பல மாறிகளுக்குப் பின்னால் உள்ள சில பொதுக் காரணிகளைத் தேடும், ஸ்பியர்மன் 1904-இல் தொடங்கிவைத்த காரணிப் பகுப்பாய்வும், ஒரு பொருளின் எந்தக் கூறுக்கு வாங்குபவர் எவ்வளவு மதிப்புத் தருகிறார் என்று அளக்கும் கான்ஜாயின்ட் பகுப்பாய்வும் இரண்டாம் ஆண்டுக்குக் காத்திருக்கலாம். முன்னதற்கு அணிகளைப் படித்திருக்க வேண்டும், பின்னதற்கு ஆய்வு வினாப்பட்டியல் வடிவமைப்பில் பட்டறிவு வேண்டும்.

கருவிகள்

ஆர், பைத்தான் ஆகிய இரண்டு நிரல்மொழிகளில் உங்கள் துறை எதைக் கற்பிக்கிறதோ அதைக் கற்றுக்கொள்ளுங்கள். எது சிறந்தது என்ற விவாதத்தில் ஒரு மாலையைக்கூட இழக்க வேண்டாம். இரண்டும் கட்டணமற்றவை. 1968-இல் தோன்றிய எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் பல பல்கலைக்கழக ஆய்வகங்களில் இன்றும் உள்ளது. அதைப் பயன்படுத்தினால் பட்டிகளைச் சொடுக்குவதோடு நில்லாமல் அது உருவாக்கும் கட்டளைகளையும் சேமித்து வையுங்கள். எக்செல் ஒரு தாளில் 10,48,576 வரிசைகளை ஏற்கும் என்பதால் நம் இரண்டு தரவுகளும் அதில் திறக்கும்; முதல் பார்வைக்கு அது போதும். எதைக் கொண்டு செய்தாலும் மூலக் கோப்பில் கைவைக்காமல், செய்த மாற்றங்கள் அனைத்தையும் கட்டளைக் கோப்பாக எழுதிவைக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து, இந்த எண் எப்படி வந்தது என்று ஆசிரியர் கேட்கும்போது அந்தக் கோப்புதான் பதில் சொல்லும்.

கடைசிப் படி: ஒரு பக்க அறிக்கை

ஒவ்வோர் உத்தியையும் கற்று முடித்தவுடன், அந்த வாரத்திலேயே, புள்ளியியல் அறியாத ஒரு மேலாளருக்காக ஒரு பக்கம் எழுதுங்கள். அதில் முதல் வாக்கியம் கண்டறிந்ததைச் சொல்ல வேண்டும். சோதனையின் பெயர் பின்னால் வரலாம். நாம் மேலே கண்டதை இப்படி எழுதலாம்: 'அழைக்கப்பட்ட வாடிக்கையாளர்களுள் வீட்டுக் கடன் இல்லாதவர்கள், கடன் உள்ளவர்களைவிட 9 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாகச் சம்மதித்தார்கள், இந்த வேறுபாடு 8.4 முதல் 9.6 வரை இருக்கலாம். அழைக்கப்பட்ட மாதம், வயது, தொழில் ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளாத ஒப்பீடு இது. கடனே இதற்குக் காரணம் என்று இந்தத் தரவால் நிறுவ முடியாது. அழைப்பு இல்லாமலேயே இவர்கள் பணம் போட்டிருப்பார்களா என்பதும் இதிலிருந்து தெரியாது.' அதன் கீழே, அடுத்த பிரசாரத்தில் எத்தனை பேரைக் குலுக்கல் முறையில் அழைக்காமல் விட்டால் அந்தக் கடைசிக் கேள்விக்கு விடை கிடைக்கும் என்பதைக் கணக்கிட்டு ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.